பூசணிக்காயும் நுழைவுத் தேர்வும்

வேப்பலோடைப் பக்கம், உப்பளத் தொழிலாளி ஒருவரின் வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கூடம். முன்பு காலண்டர்க் கடவுளர் வரிசையாகத் தொங்கிய சுவரில் இன்று தாள்கள் தொங்குகின்றன. முக்கோணவியல் ஒரு தாள். வகையிடல் ஒரு தாள். தொகையிடல் மூன்று தாள். கூம்பு வெட்டிகளுக்குச் சமையற்கட்டின் கதவையும் விட்டுவைக்கவில்லை. அவற்றின் முன்னே பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நிற்கிறாள். கண்கள் மூடியிருக்கின்றன. உதடுகள் அசைகின்றன. தெருவோடு போகிறவர் எட்டிப் பார்த்தால், பெண் ஏதோ வேண்டுதலுக்காக உருவேற்றுகிறாள் என்றே எண்ணிப் போவார்.

“என்னம்மா படிக்கிறாய்?” என்றேன்.

“ஃபார்முலா சார். ஜே.இ.இ. எழுதப் போறேன்.”

தாளில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டி, “இது ஏன் இப்படி வருகிறது?” என்று கேட்டேன்.

“அத ஏன்னு கேக்கக் கூடாதாம் சார். கேட்டா நேரம் போயிருமாம். அப்படியே மனசுல ஏத்திக்கிடணுமாம்.”

கேட்கக் கூடாதாம்! எத்தனை முறை கேட்ட சொல் இது, தோழர்களே! சாமியைப் பற்றிக் கேட்காதே என்றார்கள். சாதியைப் பற்றிக் கேட்காதே என்றார்கள். சாத்திரத்தைப் பற்றிக் கேட்டால் நாக்கு அழுகும் என்றார்கள். கேட்டுக் கேட்டுத்தான் இந்த நாடு இவ்வளவு தூரம் வந்தது. ஆனால் எந்தத் துறையிலே நிரூபணமின்றி ஓர் அடியும் எடுத்துவைக்க இடமில்லையோ, எந்தத் துறையிலே ஆண்டவனே வந்து சொன்னாலும் “விடையை விடும், வழியைக் காட்டும்” என்று கேட்கும் உரிமை பத்து வயதுப் பையனுக்கும் உண்டோ, அந்தக் கணிதத்திலேயே இன்று ‘கேட்காதே’ என்ற குரல் ஒலிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கணக்கு ஆசிரியன் அல்லன். கலைக் கல்லூரியில் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவன். தமிழாசிரியனுக்குக் கணக்குச் சூத்திரத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். செய்யுளும் உரையும் படித்தவனுக்கு ஒரு வேலை தெரியும்: ஒரு வரியைக் கண்டால் அதன் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது, யாருக்காகச் சொல்லப்பட்டது என்று கேட்பது. அந்த முறையிலே, நுழைவுத் தேர்வுக்காரர் விற்கும் ‘சூத்திரத் தொகுப்பு’ என்னும் நூல்வகையை ஓர் இலக்கிய வகையாகவே எடுத்துக்கொண்டு ஆராயத் துணிகிறேன்.

முதலில் பெயர். பள்ளியிலே ‘சூத்திரம்’ என்கிறோம். ‘வாய்பாடு’ என்றும் சொல்கிறோம். வாயால் பாடம் செய்வது வாய்பாடு. பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்கள்! சூத்திரம் என்றால் எப்படியிருக்க வேண்டும் என்பதற்குத் தொல்காப்பியம் இலக்கணம் வகுத்திருக்கிறது. கண்ணாடிக்குள் உருவம் தெரிவதுபோலப் பொருள் தெரிய வேண்டுமாம்; துருவித் தேடாமலே விளங்க வேண்டுமாம். இந்த ஓட்டப்பிடாரத்து மண்ணில் 1872-இல் பிறந்த வ.உ.சி., கப்பலோட்டியதோடு நில்லாமல், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைத் தேடிப் பதிப்பித்தவர். அவர் ஊரிலே, அவர் பதிப்பித்த நூல் சொல்லும் இலக்கணத்துக்கு நேர்மாறாக, கண்ணாடியின் பின்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறது நம் பிள்ளைகளின் கூட்டம்.

அந்தப் பின்பக்கத்தில் என்னென்ன ஒட்டியிருக்கின்றன பாருங்கள். சைன், காஸ், டேன் என்ற மூன்றும் எந்தக் காற்பகுதியில் மிகை, எந்தக் காற்பகுதியில் குறை என்பதை நினைவில் வைக்கத் தமிழ்நாட்டு மாணவர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வாசகம் ‘ஆல் சில்வர் டீ கப்ஸ்’. எல்லா வெள்ளித் தேநீர்க் கோப்பைகளும்! முதற்பகுதியில் எல்லாம் மிகை, இரண்டாவதில் சைன், மூன்றாவதில் டேன், நான்காவதில் காஸ் என்பதற்கு இது அடையாளமாம். சில்வர் டம்ளரில் தேநீர் குடிக்கும் வீட்டுப் பிள்ளை, வெள்ளிக் கோப்பையை வாழ்நாளில் பாராத பிள்ளை, தமிழில் கணக்குப் படிக்கும் பிள்ளை, ஓர் ஆங்கிலப் பிரபு வீட்டுத் தேநீர்த் தட்டைத் தலையில் சுமந்துகொண்டு திரிகிறது. ஒரு வட்டம் வரைந்து, குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் போட்டு, வலப்பக்கமும் மேற்பக்கமும் மிகை, இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் குறை என்று காட்டினால் இரண்டு நிமிடத்தில் முடிகிற செய்தி இது. சைன் என்பது உயரம். காஸ் என்பது பக்கவாட்டு அளவு. டேன் என்பது ஒன்றை மற்றொன்றால் வகுத்தது. மேலே இருந்தால் உயரம் மிகை. அவ்வளவுதான். கோப்பைக்கு வேலையே இல்லை.

வடபுலத்தில் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கே செங்கோண முக்கோணத்தின் விகிதங்களை நினைவில் வைக்கப் ‘பண்டிதர் பத்ரி பிரசாத்’ என்பவர் ‘ஹர ஹர’ என்று சொல்வதாக ஒரு வாசகம் வழங்குகிறது. மூன்றே பக்கமுள்ள முக்கோணத்துக்குள்ளும் ஒரு பண்டிதர் எப்படியோ இடம் பிடித்துவிட்டார்!

சிரித்தோம். ஆனால் நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். சில நூற்றாண்டுகளுக்கு முன் காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் நம்மிடம் இருக்கிறது. நிலம், பொன், நெல், அரிசி என்று வாழ்க்கைக்கு வேண்டிய கணக்குகளை வெண்பாக்களில் வைத்துத் தந்த நூல். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் குழிமாற்றும் இப்படியே வாய்மொழியாக ஓதப்பட்டன. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. மா என்றால் இருபதில் ஒன்று. இவற்றின் பெருக்கலையெல்லாம் தலைகீழாகச் சொல்லக்கூடிய பிள்ளைகளைத் தமிழகத்துத் திண்ணைகள் உருவாக்கின. சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதையும், மூத்த மாணவர் இளையவர்க்குச் சொல்லித் தருவதையும் கண்டு, இங்கிலாந்துக்குத் திரும்பி 1797-இல் நூலாகவே வெளியிட்டார். பெருமைதான். ஆனால் அந்தத் திண்ணையின் மேல் ஏற யாருக்கு உரிமை இருந்தது என்ற கேள்வியைப் பெருமை பேசுவோர் விழுங்கிவிடுகிறார்கள். கணக்குப்பிள்ளையின் மகன் குழிக்கணக்கை ஓதினான். அந்தக் குழியை வெட்டியவனின் மகன் தெருவில் நின்று கேட்கவும் இடமில்லை.

கணக்கதிகாரத்திலிருந்து இன்று மேடைதோறும் எடுத்தோதப்படுவது பூசணிக்காய்க் கணக்கு. காயை அறுக்காமலே உள்ளிருக்கும் விதையை எண்ணிச் சொல்லலாமாம்! முன்னோரின் அறிவைப் பாரீர் என்று கைதட்டல் கேட்கிறார்கள். வழி என்ன? காயின் மேலுள்ள கீற்றுகளை எண்ணு, மூன்றால் பெருக்கு, ஆறால் பெருக்கு, ஐந்தால் பெருக்கு, வந்ததில் பாதியைத் தள்ளு, மிச்சத்தை மூன்றால் வகு. அதுவே விதை.

தோழர்களே, தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றால் பெருக்கிவிட்டுக் கடைசியில் மூன்றால் வகுக்கச் சொல்கிறது பாட்டு. முன்வாசல் வழியாக வந்த மூன்று பின்வாசல் வழியாகப் போய்விட்டது. ஆறில் பாதி மூன்று. மூன்றை ஐந்தால் பெருக்கினால் பதினைந்து. ஆக, கீற்றின் எண்ணிக்கையைப் பதினைந்தால் பெருக்கு என்பதுதான் முழுச் செய்தியும்! அதை ஒரே வரியில் சொன்னால் வெண்பா நிரம்பாது; கேட்பவன் வியக்கமாட்டான். சுற்றிவளைத்துச் சொன்னால் மந்திரம்போல் இருக்கும். பொருள் உணர்ந்து ஓதியவன் ஒருவனாவது இருந்திருந்தால், “ஐயா, இந்த மூன்று எதற்கு?” என்று கேட்டிருப்பான்.

பதினைந்து சரிதானா என்பது அடுத்த கேள்வி. என் வகுப்பில் மஞ்சள் பூசணிக்காய் இரண்டு வாங்கிவரச் செய்தேன். முதற்காயில் பதினான்கு கீற்று. இருநூற்றுப் பத்து விதை இருக்க வேண்டும். அறுத்து எண்ணினோம்: முந்நூற்று முப்பத்தேழு. இரண்டாவது காயிலும் அதே பதினான்கு கீற்று. இருநூற்று அறுபத்திரண்டு விதை. ஒரே கீற்றுக் கணக்குக்கு இரண்டு விடை என்றால், எந்தப் பெருக்கலும் இரண்டுக்கும் பொருந்தாது என்பதை எட்டாம் வகுப்புப் பையன் எழுந்து சொன்னான். அன்று மதியம் சத்துணவுச் சாம்பாரில் பூசணிக்காய் மிதந்தது. வீணாகவில்லை.

காரி நாயனாரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அவர் காலத்தில் அது பொழுதுபோக்குக் கணக்காக இருந்திருக்கலாம். எழுதியவரைவிட, இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு காயையும் அறுத்துப் பாராமல் அதை மேடையில் முழங்குகிறவர் மீதுதான் எனக்கு வருத்தம். தமிழில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. வடமொழியில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகாது என்று வாதாடிய நாம்தான் இதை முதலில் சொல்ல வேண்டும்.

அதேபோலக் கைப்பேசிதோறும் பறக்கும் இன்னொரு பாட்டு, செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலமின்றிச் சொல்லும் பாட்டு. பிதாகரசுக்கு முன்பே தமிழர் கண்டது என்றும், போதாயனார் பாடியது என்றும் பரப்புகிறார்கள். போதாயனர் பெயரில் வழங்குவது வடமொழிச் சுல்ப சூத்திரம். அதிலே கர்ணத்தின் மேல் எழும் சதுரம், மற்ற இரு பக்கங்களின் மேல் எழும் சதுரங்களுக்குச் சமம் என்ற செய்தி இருக்கிறது. தமிழ்ப் பாட்டு சொல்வது முற்றிலும் வேறான வழி: பெரிய பக்கத்தில் அரைக்கால் பங்கைத் தள்ளு, சிறிய பக்கத்தில் பாதியைச் சேர். மூன்றுக்கும் நான்குக்கும் பாருங்கள்: நான்கில் அரைக்கால் பங்கு அரை; மூன்றரை மிச்சம்; அதனோடு ஒன்றரை; ஐந்து. சரியாக வந்துவிட்டது! ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும்: பத்தரையும் இரண்டரையும் பதின்மூன்று. அதுவும் சரி. கைதட்டல் இங்கே எழும். எட்டுக்கும் பதினைந்துக்கும் போட்டுப் பாருங்கள்: விடை பதினேழு வர வேண்டிய இடத்தில் பதினேழேகாலில் பாதி வழுக்கி, பதினேழே அரைக்கால் வருகிறது. ஏழுக்கும் இருபத்து நான்குக்கும் இருபத்தைந்து வர வேண்டும். வருவது இருபத்து நான்கரை. ஒன்றுக்கும் பத்துக்குமோ ஒன்பதேகால்! அதாவது, சுவரின் உயரம் பத்தடி. சுவரிலிருந்து ஓரடி தள்ளி ஊன்றிச் சுவரின் உச்சியைத் தொடும் ஏணியின் நீளம் ஒன்பதேகாலடி. அப்படிப்பட்ட ஏணியை எந்தத் தச்சரும் செய்துதர மாட்டார்.

ஆயினும் இந்தப் பாட்டைத் தூக்கி எறிந்துவிட எனக்கு மனம் வரவில்லை. சிறிய பக்கம் பெரிய பக்கத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் ஐந்தில் நான்கு பங்குக்கும் இடையில் இருக்குமானால், இவ்வழியில் வரும் பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. வர்க்கமூலம் காணத் தெரியாத நில அளவைக்காரர்க்கும் கூரை போடும் தச்சர்க்கும் இதைவிடக் கைக்கெட்டிய கருவி வேறில்லை. எந்த எல்லைக்குள் செல்லும், எந்த எல்லைக்கு வெளியே பொய்க்கும் என்று அறிந்து வைத்திருப்பவனுக்கு இது அறிவு. எல்லை தெரியாமல் ஓதுகிறவனுக்கு இதுவும் ஒரு சுலோகம்.

நம் கடற்கரைக்கே உரிய வாய்பாடு ஒன்றைச் சொல்கிறேன். தூத்துக்குடிப் பாரில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதற்கு முன் நூற்றாண்டுக் கணக்காக முத்து விலைபேசியவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் தம் குறிப்புகளில் அதைச் ‘சவ்’ என்று எழுதிவைத்தனர். முத்துகளின் எடையை மஞ்சாடியில் நிறு. அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கு. அதில் முக்கால் எடு. முத்துகளின் எண்ணிக்கையால் வகு. வருவது விலைபேசும் மதிப்பு. நான்கு மஞ்சாடியுள்ள ஒற்றை முத்தானால் பதினாறில் முக்கால், பன்னிரண்டு. மஞ்சாடிக்கு ஒன்றாக நான்கு முத்துகள், மொத்தம் அதே நான்கு மஞ்சாடி என்றால், பன்னிரண்டை நான்கால் வகுத்து மூன்று. எடை ஒன்றுதான், மதிப்பு நான்கில் ஒரு பங்கு.

ஏன்? பெரிய முத்து அரிது. எடை இரண்டு மடங்கானால் விலை இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, நான்கு மடங்காகிறது. அதற்காகத்தான் எடையை எடையால் பெருக்கினார்கள். பல முத்துகளை ஒன்றாக நிறுத்தால் ஒவ்வொன்றின் எடையும் மொத்தத்தை எண்ணிக்கையால் வகுத்தது. அதை வர்க்கமாக்கி மீண்டும் எண்ணிக்கையால் பெருக்கினால், மொத்த எடையின் வர்க்கத்தை எண்ணிக்கையால் ஒரு முறை வகுத்ததே மிஞ்சும். சந்தையின் வழக்கம் முழுதும் இந்த ஒரு வரிக்குள் மடிந்து கிடக்கிறது. பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனுக்கு மனப்பாடமே வேண்டியதில்லை. மறந்தாலும் மறுபடி செய்துகொள்வான். ஆனால் மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சிப்பி அள்ளிவந்தவனுக்கு இந்தக் கணக்கை யார் சொல்லித் தந்தார்கள்? கரையிலே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவர் வாயிலல்லவோ இருந்தது வாய்பாடு! வாய்பாடு தெரிந்தவன் விலை சொன்னான். தெரியாதவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டான்.

இன்று நுழைவுத் தேர்வுக் கடையில் நடப்பதும் இதுதான். ஜே.இ.இ. முதல்நிலைத் தேர்வில் மூன்று மணி நேரத்தில் எழுபத்தைந்து வினாக்கள். மொத்தம் முந்நூறு மதிப்பெண். ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடம் இருபத்து நான்கு வினாடி. தவறாக விடையளித்தால் கையிலிருந்து ஒரு மதிப்பெண் போகும். நிரூபித்துப் பார்த்து எழுத இதில் நேரமேது? வாய்பாட்டை நாவிலே வைத்திருப்பவன் வெல்வான். வழியைச் சிந்திப்பவன் மணியடிக்கும்போது பாதித் தாளில் நிற்பான். ஆகவே அந்தப் பெண்ணிடம் ‘ஏன் என்று கேட்காதே’ என்று சொன்ன பயிற்சி நிலையத்தார் பொய் சொல்லவில்லை. தேர்வு அப்படித்தான் அமைந்திருக்கிறது. 2021 முதல் இத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம், நல்லது. அதைக் கடந்து ஐ.ஐ.டி.க்குப் போவதற்கான அடுத்த தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே! வாசலில் வணக்கம் தமிழில். வீட்டுக்குள் பேச்சு வேறு மொழியில்.

சிங்கப்பூரில் கல்லூரிக்குமுன் எழுதும் தேர்வில் கணித வாய்பாடுகளை அச்சிட்ட பட்டியலொன்றைத் தேர்வறையிலேயே கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்விலும் கணிதப் பகுதியில் அடிப்படை வாய்பாடுகளைக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கெல்லாம் கணிதம் செத்துவிடவில்லை. ஏன், நம் மாநிலத் தேர்விலேயே மடக்கை அட்டவணையைக் கொடுத்துத்தானே எழுதச் சொன்னோம்? பத்தாயிரம் எண்களின் மடக்கையை எவரும் மனப்பாடம் செய்யவேண்டாம் என்று தீர்மானிக்க முடிந்தவர்களுக்கு, நாற்பது தொகையிடல் வாய்பாடுகளை ஒரு தாளில் அச்சிட்டுத் தர முடியாதா? தரலாம். தந்தால் வினா கேட்பவர் சிந்தித்துக் கேட்க வேண்டும், தொல்லை அவருக்கல்லவா!

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவனுக்குச் ‘சீனியர் ராங்க்ளர்’ என்று பெயர். தர வரிசையை ஊரே கொண்டாடும். அதற்கென்று தனிப்பயிற்சி ஆசிரியர்கள் தோன்றினார்கள். ரௌத் என்ற ஒருவர் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட முதலிடத்தாரைத் தயாரித்து அனுப்பினார். ஹார்டி 1898-இல் அத்தேர்வில் நான்காமிடம் பெற்றவர். அந்தத் தேர்வுமுறை இங்கிலாந்தின் கணிதத்தைக் கெடுக்கிறது என்று போராடியவரும் அவரே. 1909-ஓடு அந்தத் தர வரிசை அறிவிப்பு ஒழிந்தது. அதே தேர்வுக்காகப் பயிற்சி தந்துவந்த கார் என்பவர், தம் பாடக்குறிப்புகளையே தொகுத்து 1880-களில் ஒரு நூலாக வெளியிட்டார். ஆயிரக்கணக்கான வாய்பாடுகள், விளக்கம் மிகக் குறைவு. இன்று நம் சுவர்களில் தொங்கும் தாள்களின் பாட்டன் அது! 1903-இல் கும்பகோணத்தில் ஒரு பதினைந்து வயது மாணவன் கையில் அந்நூல் கிடைத்தது. அவன் பெயர் இராமானுசன்.

இங்கேதான் சூத்திரத் தொகுப்புக்காரர்கள் குதூகலிப்பார்கள்: “பாருங்கள், எங்கள் வகை நூலைப் படித்தே மேதை பிறந்தான்!” நில்லுங்கள். இராமானுசன் அந்நூலை மனப்பாடம் செய்யவில்லை. விளக்கமின்றிக் கிடந்த ஒவ்வொரு வரியையும் தானே மறுபடி செய்து பார்த்தான். நூல் சொல்லாமல் விட்டதுதான் அவனுக்குப் பாடமாயிற்று. அவனைத் தேர்வு என்ன செய்தது? கணிதத்தைத் தவிர மற்றவற்றில் தேறவில்லை என்று கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் 1907-இல் தோல்வி. 1918-இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானவனை நம் தேர்வுகள் இரண்டு முறை வாசலோடு திருப்பி அனுப்பின.

நாமகிரித் தாயார் கனவில் வந்து வாய்பாடு தந்ததாக அவரே கூறியதாகச் சொல்வார்கள். சொல்லட்டும், இதை மட்டும் மறக்கவேண்டாம். அந்த வாய்பாடுகளை நிரூபணம் கேட்டே ஏற்றது கணித உலகம். 1913-இல் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றி அவர் குறித்தவற்றுள் சில பிழையென்று தள்ளப்பட்டன. அவருடைய குறிப்பேடுகளை வரி வரியாக நிரூபித்து, புரூஸ் பெர்ண்ட் என்பவர் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டு முடிக்க 1998 ஆயிற்று. தாயார் தந்தாலும் தணிக்கை உண்டு. கணிதத்தின் பெருமை அது.

நம் மாநிலத்துக்கு வருவோம். தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டில் 1984-இல் வந்தது. நகரத்தில் பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவன் மேலே. கரிசல்காட்டுப் பிள்ளை கீழே. 2006-இல் ஆனந்தகிருட்டிணன் தலைமையில் குழு ஆராய்ந்தது, சட்டம் இயற்றப்பட்டது, 2007-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு நுழைவுத் தேர்வு ஒழிந்தது. இன்று பொறியியலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல்: கணிதம் நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது. நியாயமான வெற்றி. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனை பேர் இந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பதை ஊருக்கு ஊர் காணலாம். நானும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவன்தான், கலைக் கல்லூரி வாசல் வழியாக.

ஆயினும் நாம் நம்மைப் பார்த்தும் கேட்க வேண்டும். நுழைவுத் தேர்வை ஒழித்தோம், உருவேற்றலை ஒழித்தோமா? பாடநூலின் பின்பக்கத்து வினாவே பொதுத்தேர்வில் வரும், எண்கூட மாறாது என்ற துணிவில், கணக்கைக் கதைபோல ஒப்பித்து நூற்றுக்கு நூறு வாங்கிய காலம் நம் கண்ணெதிரில் நடந்ததல்லவா? 2018-இல் பாடநூல்கள் மாறின. வினா முறையும் மாறத் தொடங்கியது. வகுப்பறை இன்னும் முழுவதும் மாறவில்லை. தில்லிக்காரரின் தேர்வைத் திட்டுவது எளிது. திட்ட வேண்டியதும் உண்மை. அதைத் திட்டிவிட்டு நம் வகுப்பில் ‘அப்படியே எழுது’ என்று சொன்னால், நம் சொல்லுக்கு எடை ஏது?

மனப்பாடமே வேண்டாம் என்கிறேனா? இல்லை. ஏழும் எட்டும் ஐம்பத்தாறு என்று யோசித்துக்கொண்டு நிற்பவன் கடைத்தெருவில் ஏமாறுவான். குறளை நெஞ்சில் வைத்திருப்பவனுக்கு அது வேளைக்கு உதவும். நாவில் நிற்பதற்கு முன் அறிவின் வழியாக ஒருமுறையேனும் அது வந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். அந்த உப்பளத்துப் பெண்ணிடம் “தாள்களைக் கிழித்துப் போடு” என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, உரிமையும் இல்லை. தேர்வு நான் வைப்பதன்று. நேரத்தோடு அவளுக்குப் பந்தயம். தோற்றால் தோற்கிறவள் அவள். கட்டுரை எழுதுகிறவனுக்கு என்ன இழப்பு?

ஆகவே கிழிக்கச் சொல்லவில்லை. ஒரு தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் ஒரு சதுரம் வரைந்தேன். “உங்க அப்பாவின் உப்புப் பாத்தி இது. ஒரு பக்கம் பத்தடி. நான்கு பக்கமும் சரி. இப்போது நீளத்தில் இரண்டடி, அகலத்தில் இரண்டடி கூட்டுகிறார். பரப்பு என்ன?”

‘ஏ கூட்டல் பி’யின் வர்க்கம் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் அதைப் பார்க்காமல், பழக்கத்தில், “நூறும் நாலும் நூத்தி நாலு” என்றாள். பத்தின் வர்க்கமும் இரண்டின் வர்க்கமும். இந்தப் பிழையைச் செய்யாத மாணவரை நான் கண்டதில்லை, நானும் செய்தவன்தான்.

“வரைந்து பாரம்மா.”

வரைந்தாள். பெரிய பாத்தி ஒன்று. மூலையில் சின்னப் பாத்தி ஒன்று. இரண்டுக்கும் நடுவே, பத்துக்கு இரண்டாய், நீளமாக இரண்டு துண்டுகள் வெறுமனே கிடந்தன. சிறிது நேரம் பேசாமல் அவற்றைப் பார்த்தாள். “இந்த ரெண்டு பாத்தியும் எங்க சார் போச்சு?” என்றாள். பிறகு தானே நாற்பதைக் கூட்டி நூற்று நாற்பத்து நான்கு என்று எழுதினாள். சுவரில் தொங்கிய ‘டூ ஏ பி’யைத் திரும்பிப் பார்த்தாள்.

வேலை முடிந்து, முழங்கால் வரை உப்புப் படிந்த காலோடு அவள் தந்தை வந்தார். நான் எழுந்து, “வாங்க அண்ணாச்சி” என்றேன். அவர் காலைக் கழுவிவிட்டு வந்து, மகள் தோளுக்கு மேலே தாளை எட்டிப் பார்த்தார். தாம் எத்தனையோ ஆண்டுகளாக மிதித்துக்கொண்டிருக்கும் நான்கு பாத்திகள் தாளில் இருப்பதைப் புரிந்துகொண்டார்.

“எல்லாஞ் சரி சார். வரப்பு எங்க? பாத்திக்குப் பாத்தி வரப்பு வேணும்லா. அதுக்கு எடம் போகாதா?”

அவள் பென்சிலை எடுத்து, வரப்பின் அகலம் அரை அடி என்று வைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து வரையத் தொடங்கினாள்.